தலைக்கு வெளியே ஒரு புள்ளி

நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதியின் அண்ணிக்கு நடந்தது.

மாலை ஏழு மணி. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் சாலையில் அவர்கள் கார் மட்டும்... ஈரத்தில் டயர் உரசும் சத்தம். அண்ணி ஓட்டினாள், பக்கத்தில் புருஷன். அவருக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தாள் இறந்து மூன்று வருஷம். ஆனாலும் தூக்கத்தில் அவர் கூப்பிடுவது மூத்தாளைத்தான். அண்ணிக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

மூளை எழுப்பும் மெல்லிய காந்த அலைகளை அளப்பது அவள் வேலை. தலையில் பெரிய தொப்பி மாதிரி ஒரு கருவி. பிறகு கணினி ஒவ்வொரு புள்ளியாகக் காதை வைத்து, மற்ற இரைச்சலை அடக்கி, அலை எங்கே கிளம்பியது என்று சொல்லும்.

"என் மண்டைக்குள்ள ஏதாவது இருக்கான்னு பார்க்கப் போறியா?" என்றார்.

"யாராவது இருக்காங்களான்னு," என்றாள்.

அளவெடுக்கும் அறையில் அவரை உட்கார வைத்துத் தொப்பியை மாட்டினாள். கனத்த கதவு... டப். அவர் காதுக் குழாயில் மூத்தாள் பெயர், அண்ணி பெயர், ஒப்பிட்டுக் கழிக்க அந்நியப் பெயர்கள். முடிந்ததும் அவர் காருக்குப் போய்விட்டார்.

முதல் படம் வந்தது. மூத்தாள் பெயருக்கு... தலை முழுக்க இருட்டு. அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

பக்கத்து மேஜைக்காரிதான் கெடுத்தாள்.

"ரொம்பக் குளிர்ந்துடாதீங்கக்கா. ரெண்டு இடம் ஒரே தாளத்துல துடிச்சா இந்தக் கணக்கு ஏமாந்துடும். ரெண்டையுமே அழிச்சுடும்."

புள்ளிகளை ஜோடியாகத் தேடச் சொல்லி அண்ணி கணக்கை மறுபடி ஓட்டினாள். அவர் தலைக்குள் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது. முள் இன்னும் ஆழமாக இறங்கியது. ஆனால் அதன் ஜோடி? தலைக்குள் எங்கும் இல்லை. தேடும் எல்லையைத் தலைக்கு வெளியேயும் தளர்த்தினாள்...

இருந்தது. காதுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில். ஒரே தலையணையில் இன்னொரு தலை படுத்திருக்குமே, அந்தத் தூரம்.

தலையின் படத்தோடு அளவைப் பொருத்தியதில் பிசகோ என்று சரிபார்த்தாள். பிசகில்லை.

எழுந்து அந்த அறைக்குள் போனாள். காலி நாற்காலி. நகப்பூச்சு வாசனை... உலோகத் துகள் இருக்கும் என்று அங்கே யாரையும் அதைப் பூசிக்கொண்டு நுழைய விடமாட்டார்கள்.

திரும்பி வந்து, தன் பெயருக்கான படத்தைத் திறந்தாள்.

அவர் தலைக்குள் ஒரே இருட்டு. காதருகே இருந்தது மட்டும்... அண்ணியின் பெயர் ஒலித்த ஒவ்வொரு தடவையும் விழித்திருந்தது.