முன் அச்சுக்கு மறுபக்கம்

இரவு பத்தரை இருக்கும். மூடிப்போன மாவு மில்லுக்குப் போகிற மண்சாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது... சாலையில் ஈ, காக்கை இல்லை. ஒரு பழைய வேன் மட்டும் பாதி வழி வந்து, சேற்றுக்குப் பயந்து நின்றுவிட்டது.

அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்ப்பவனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவர் கார் மெக்கானிக். கூட இறங்கியவன்தான் என்னோடு வேலை பார்க்கிற அந்த நண்பன், அவருடைய மச்சினன். வீட்டில் அவனுக்கு உம்மணா என்று பெயர். சிறு வயதில் கோபம் வந்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு, எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும் சொல்வானாம். உம்மணாமூஞ்சி தேய்ந்து உம்மணா ஆனது. வளர்ந்த பிறகும் பெயரும் மாறவில்லை, குணமும் மாறவில்லை.

யாராவது அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள்... சரி.

அன்றைக்கும் கோபம்தான். போன வாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மெக்கானிக்கின் நாக்கு சும்மா இருக்கவில்லை. "எங்க மாப்ள நல்லா கார் ஓட்டுவார். முன்னாடி போறதா பின்னாடி போறதான்னு மட்டும் காரே முடிவு பண்ணிக்கும்" என்றிருக்கிறார். பெண்ணே சிரித்துவிட்டது. அன்றிலிருந்து இவன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் மன்னிப்புக் கேட்க ஆசைதான். ஆனால் மாமனும் மச்சினனும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் ஏது?

கிளம்பும்போது அவர் மனைவி சொன்னது இது: "நாக்கை இங்கயே வெச்சிட்டுப் போங்க. என் தம்பியைப் போன மாதிரியே முழுசா கொண்டுவந்து சேருங்க."

மில்லின் பின்கட்டில் ஒரு பழங்காலத்துக் கார் கிடந்தது. விடிந்தால் பழைய இரும்புக்காரரின் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குள் வேண்டியதைக் கழற்றிக்கொள்ளலாம் என்று மில்காரர் சாயங்காலம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். மெக்கானிக்கிடம் அதே ரகத்தில் இன்னொரு கார் முன் அச்சு உடைந்து நெடுநாளாகப் படுத்திருந்தது. அந்தப் பாகம் இனி எந்தக் கடையிலும் கிடைக்காது. இதை விட்டால் அந்த வண்டிக்கும் காலம் முடிந்த மாதிரிதான்.

காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஓரத்திலும் மரக்கட்டை அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். துரு வாசனை, கெட்டுப்போன பெட்ரோல் வாசனை, எலி மூத்திர வாசனை. பேட்டரி விளக்கின் வெளிச்சம் பம்பருக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்குத்தான் விழுந்தது. அதற்கு உள்ளே... இருட்டு.

இந்த வேலையில் ஒரு சங்கதி உண்டு. அச்சின் இரண்டு முனையிலும் சக்கரம் திரும்புவதற்கு ஒரு தடித்த இரும்பு முளை இருக்கும், கிங் பின் என்பார்கள். அது வெளியே வர, முதலில் அதைப் பூட்டி வைத்திருக்கும் சின்ன ஆணியை முன்னாலிருந்து அடித்துத் தள்ள வேண்டும். அச்சோ ஸ்பிரிங் பட்டையில் தொங்குகிறது. அடித்தால் ஆடும்... அடி வீணாகும். அதனால் ஒருவர் காருக்கு அடியில் படுத்து, அச்சின் பின்பக்கத்தில் சம்மட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இருந்தால் 'டொக்'. இல்லாவிட்டால் 'ணங்ங்...'

வலது பக்கம் முழுவதும் 'டொக்'தான். உம்மணா உள்ளே படுத்திருந்தான். அவர், "பிடிச்சிருக்கியா?" என்பார். "ம்" வரும். வேறு பேச்சில்லை. முளை கழன்றதும் அவன் சம்மட்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தான். துருவுக்கு ஊற்றுகிற எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினான், காலி என்று. காட்டிவிட்டு வேனை நோக்கி இருட்டில் நடந்தான்.

மெக்கானிக் சும்மா இருக்கமாட்டார். இடது பக்கம் போய் உட்கார்ந்து ஒரு அடி வைத்தார்.

ணங்ங்...

இன்னொன்று. ணங்ங்... அச்சு தொட்டில் மாதிரி ஆடியது. மூன்றாவது அடி.

டொக்.

வந்துவிட்டான் என்று நினைத்தார். ஆள் ஊர்ந்த சத்தம் கேட்கவில்லையே என்று அவருக்குத் தோன்றவில்லை. கோபக்காரன், சொல்லாமல் கொள்ளாமல் வந்து படுத்திருப்பான்.

"பிடிச்சிருக்கியா?"

"ம்."

நல்ல பிடி. மலையில் அடிக்கிற மாதிரி அசையாத பிடி. நாலே அடியில் ஆணி போனது. கிங் பின் தானாக நழுவி உள்பக்கம் உருண்டது. அச்சை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிற போல்ட்டுகளை அறுக்க உட்கார்ந்தார். இரும்பு அறுக்கிற வாளின் கரகரப்பு ஒரே சீராக... முகம் பார்க்காமல் பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பட்டது.

"அன்னைக்கு நான் பேசினது தப்புதான்டா. மனசுல வெச்சுக்காத" என்றார்.

வாள் இன்னும் நாலு தடவை போய் வந்தது. பிறகு, "ம்."

மனசு லேசாகிவிட்டது மனுஷனுக்கு. கடைசி போல்ட்டும் அறுந்தது. அச்சைப் பிடித்து இழுத்தார். இரண்டு ஆள் இழுக்க வேண்டிய கனம்... பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி சுலபமாக வந்தது. வந்த வேகத்தில் அதன் முனை இடது முட்டில் இடித்து, கட்டைகள் சரிந்தன. அந்தப் பாரம் வலது பக்கம் சாய, அந்த அடுக்கும் பிளந்து விழுந்தது.

கார் இறங்கியது. ஒரு விரல் தடிமன் இறங்கியது.

அப்படியே நின்றது.

சக்கரம் இல்லை. அச்சு இல்லை. முட்டு இல்லை. ஜாக்கி எப்போதோ எடுத்து ஓரமாக வைத்தாகிவிட்டது. முன்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது... விளக்கைத் திருப்பினார். உம்மணா பிடித்திருக்க வேண்டிய சம்மட்டி, வலது பக்கத்தில் அவன் போட்ட இடத்திலேயே கிடந்தது.

அப்போது சாலைப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. உம்மணா. கையில் எண்ணெய் டப்பா.

மெக்கானிக்கின் கண் காரை விட்டு அகலவில்லை. அவனோ, தனியாக இவ்வளவு வேலை முடித்திருக்கிறாரே என்று வெட்கப்பட்டானோ என்னவோ, டார்ச்சைக் கீழே அடித்துப் பார்த்தவன் ஒரு வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"மாமா, ஒரு கிங் பின் உள்ள கிடக்குது. எடுத்துடறேன்."

சொல்லிக்கொண்டே தலையை உள்ளே விட்டான். தோள்... இடுப்பு...

'விட்டுடு' என்று கத்த வாயெடுத்தார். சத்தம் வெளியே வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொண்டார். 'போதும், வா' என்றும் சொல்ல முடியாது. இந்த வேலையில் அடிக்கிறவர் 'போதும்' என்று சொன்னால், பிடிக்கிறவர் பிடியை விட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பது இதுவரை ஒரு வார்த்தை தவறாமல் அவர் சொன்னபடி கேட்டிருக்கிறது.

இருட்டைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"பிடிச்சுக்கோ. இன்னும் முடியல."

"ம்" என்றது.

அதற்கு அப்புறம்தான், அதே இருட்டுக்குள்ளிருந்து உம்மணாவின் குரல் வந்தது. "எதைப் பிடிக்கணும் மாமா?"

இரண்டு காலையும் பற்றி ஒரே இழுப்பு. சட்டைப் பொத்தான் எல்லாம் தெறித்து, நெஞ்சில் தோல் உரிந்து, கையில் கிங் பின்னோடு அவன் வெளியே வந்தான். அவன் கேட்ட எதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. அச்சை ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். வேன் வரை அவர் காருக்கு முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே நடந்தார்.

விடிந்ததும் லாரி டிரைவர் போன் செய்தார். காரின் முன்பக்கம் தூக்கியபடியே நிற்கிறது, அடியில் ஜாக்கியைக் காணோம், எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். அடியில் யாரும் போக வேண்டாம், கிரேனில் தூக்குங்கள் என்று மட்டும் இவர் சொன்னார். தூக்கினார்கள். கீழே ஒன்றும் இல்லை. காய்ந்த தரை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

அவர்கள் வீடு மாடியில். ஒரு நாள் கண்ணாடி மாட்டச் சுவரில் ஆணி அடித்தார். அந்தச் சுவருக்கு வெளியே நிற்கக் கையகல இடமில்லை, கீழே தெருதான். முதல் அடி வழக்கம்போல எகிறியது. இரண்டாவது அடி... டொக். ஆணி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கையில் சுத்தியலோடு வெகுநேரம் நின்றவர், கடைசியில் சுவரோரம் குனிந்து, "பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் 'போதும்' என்று சொல்வதில்லை. அது இப்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரையா, மாடியையா, வேறு எதையாவதா... சாப்பிடும்போதுகூடத் தட்டின் மேல் கையை விரித்துக் காட்டுவார்கள். விருந்துக்குப் போன என்னிடமும் உம்மணா படியிலேயே நிறுத்திச் சொல்லித்தான் கூட்டிப் போனான்.

போன மாதம் வெள்ளையடிக்க ஒரு பெயிண்டர் வந்திருக்கிறார். மெக்கானிக்கின் மனைவி டீ ஊற்றியிருக்கிறார். டம்ளர் நிறைகிறது... பாவம், அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

"போதும்மா, போதும்."

டீப் பாத்திரத்தைக் கீழே வைக்கக்கூட மறந்து அந்த அம்மா நின்றுவிட்டார். மெக்கானிக் எழுந்து சுவரோரம் போனார். உம்மணா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னை இல்லப்பா" என்றார். "நீ பிடிச்சுக்கோ."

எல்லோரும் காத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக 'ம்' வரவில்லை.