இரண்டு விரற்கடை தள்ளி

— வாசல்ல என்ன சொல்லிட்டு உள்ளே வந்தே?

— தம்பிக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கேன்னு.

— கிட்டார் பெட்டியிலயா?

— பெரிய வயிறு போலன்னு நினைச்சிருப்பார். ஒண்ணும் கேக்கலை. நகரு, இதை மேசை மேல வைக்கணும்.

— அக்கா, அது வரைபடம். மை இன்னும் காயலை.

— காயட்டும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குத்தானே கையெழுத்துப் போடப் போறே. அதுக்குள்ள காஞ்சிடும்.

— ...அது யார் சொன்னா உனக்கு?

— கிட்டார் கடைக்காரர். நீ கையெழுத்துப் போட்டதும் பழைய மாடலை வெட்டி எடுக்கிற அச்சுப் பலகையை ரம்பத்துல குடுத்து அறுத்துடுவாங்களாம். அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் பழைய கிட்டார் கிடையாதாம். நிஜமா?

— அது கம்பெனி முடிவுக்கா. புதுசைக் கொஞ்சம் கடைக்கு விட்டுப் பாத்தாங்க, இனி அது மட்டும்தான்.

— கையெழுத்து யாரோடது?

— வரைஞ்சவன் போடணும்னு ஒரு விதி. நான் வரைஞ்சேன், நான் போடுறேன்.

— அப்போ போடாதே.

— அக்கா...

— அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன். இனி நீ சாப்பிடு.

— சாப்பாடுதான் நீ கொண்டு வரலையே.

— ஆமாம்ல.

— முதல்ல உட்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உட்காரு. மேற்பார்வையாளர் இந்தப் பக்கம் வந்தார்னா...

— வரட்டும். அவரையும் ரெண்டு கேள்வி கேக்கணும். இந்தக் கிட்டார் தலையை யார் வரைஞ்சது? வாத்து கொட்டாவி விட்ட மாதிரி இருக்கு.

— அது நான் இல்லை.

— இந்த நிறம்? இருமல் மருந்து பாட்டில் மாதிரி.

— அதுவும் நான் இல்லை.

— தெரியும். உனக்கு நிறம்னாலே ஆகாது. சின்ன வயசுல யானைக்குப் பச்சை அடிச்சவன்தானே நீ. அதெல்லாம் போகட்டும். தலை எப்படி வேணா இருக்கட்டும், எந்த நிறம் வேணா பூசிக்கோங்க. வால்யூம் குமிழை ஏன்டா தள்ளி வச்சே?

— ரெண்டு விரற்கடைதான்கா.

— உன் மூக்கை ரெண்டு விரற்கடை தள்ளி வச்சா சும்மா இருப்பியா?

— கிட்டார் மூக்கு இல்லையே.

— வாசிக்கிறவங்ககிட்டப் போய்ச் சொல்லிப் பாரு. உன்னை எத்தனை பேர் திட்டுறாங்கன்னு தெரியுமா?

— தெரியும். கடுதாசி வந்துச்சு. இருநூத்திப் பன்னெண்டு கையெழுத்து. எல்லாத்துக்கும் மேல உன்னோடது, காகிதமே கிழியற மாதிரி.

— பாத்தியா, நல்லது. எங்க கிட்டார் சங்கத்து நெட்டையன் என்ன செஞ்சான்னு தெரியுமா? புது கிட்டாரை வாங்கிட்டுப் போய், வீட்ல இருந்த துளை போடுற மிஷினால பழைய இடத்துல ஓட்டை போட்டுட்டான். பெயின்ட் பாளம் பாளமா வந்துடுச்சு.

— ஐயையோ. அங்கே அடியில ஒயர் போகுதே.

— போச்சு. அந்த ஒயரும் போச்சு. இப்போ தந்தியைத் தொட்டா வண்டு புகுந்த காது மாதிரி இரையுது.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா...

— உன்கிட்டக் கேக்கணுமாம். கணக்கு வாத்தியார் இருக்காரே, ஞாயித்துக்கிழமை என்கூட வாசிக்கிறவர், அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு, கடை வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கார். வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் புதுசை வாங்காதீங்கங்கிறார்.

— கடைக்காரர் விரட்டலையா?

— விரட்டுறதா? அவரேதான் நாற்காலி குடுத்தார். வாத்தியார் வீட்டம்மா வந்து கூப்பிட்டாங்களாம். 'நியாயத்துக்காக உட்கார்ந்திருக்கேன்'னாராம் இவர். 'நியாயம் இருக்கட்டும், வீட்ல குழாய் ஒழுகுது, எழுந்து வாங்க'ன்னாங்களாம்.

— சிரிக்க வைக்காதே. வெளியே கேக்கும்.

— எனக்குச் சிரிப்பு வரலை. காரணம் சொல்லு நீ.

— அறிக்கையில எழுதியிருக்கேன். வாசிக்கும்போது கை தவறி வால்யூம்ல பட்டு, சத்தம் குறைஞ்சுபோகுதுன்னு பத்துக்கு ஏழு பேர் புகார் சொல்றாங்க. அதனால தள்ளி வச்சு, குமிழைக் கொஞ்சம் உயரமாக்கி, பிடிமானத்துக்கு ஓரத்துல வரி போட்டிருக்கு.

— யார் அந்த ஏழு பேர்?

— வாசிக்கிறவங்க.

— இருபத்தாறு வருஷமா நானும் வாசிக்கிறேன். கை தவறிப் பட்டதே இல்லை. பட்டதெல்லாம் வேணும்னு பட்டதுதான். தந்தியைத் தட்டிட்டு, சத்தம் வர்றதுக்குள்ள சுண்டுவிரலால வால்யூமை மெல்லத் திறந்தா... தட்டின இடமே தெரியாது. அடுத்த அறையிலேருந்து யாரோ பாடிக்கிட்டே நடந்து வர்ற மாதிரி இருக்கும். அதுக்காகத்தானே இந்த மாடலைத் தேடி வாங்குறாங்க.

— எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சே தள்ளி வச்சே பாரு, அதான் பொறுக்கலை. வேற எவனாவது வரைஞ்சிருந்தா, பாவம் வாசிக்கத் தெரியாதவன்னு விட்டிருப்பேன்.

— கம்பெனிக்குப் புகார்தான்கா முக்கியம்.

— நானும் விசாரிச்சுட்டேன். சங்கத்துல இருக்கிற ஒருத்தரையும் விடலை. கடையில கேட்டேன், கத்துக்கிற பிள்ளைங்களைக் கேட்டேன். கை படுதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. உன் ஏழு பேர் எங்கேடா குடியிருக்காங்க?

— பேரெல்லாம் வெளியே சொல்லக் கூடாதுக்கா. ரகசியம்.

— பொய் சொல்லும்போது காதைச் சொறியற பழக்கத்தை இன்னும் விடலையா நீ?

— காது அரிக்குது.

— நாப்பது வருஷமா அரிக்குது.

— உஸ்... இரு, மேற்பார்வையாளர் வர்றார். ...வாங்க சார். ஆமா சார், என் அக்காதான். சாப்பாடு குடுக்க... இல்ல சார், அது பாத்திரம் கொஞ்சம் பெரிசு. ...சரி சார். நாளைக்குப் பத்து மணி. ரெடியா இருக்கும் சார்.

— ரெடியா இருக்குமா?

— பின்னே அவர்கிட்ட என்னத்தைச் சொல்ல?

— போட மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வலிக்காது.

— வாய் வலிக்காது. வேலை போயிடும்.

— போகட்டும். நான் சோறு போடுறேன்.

— போட்டே, இன்னிக்குப் போட்டியே.

— டேய்...

— அக்கா, ஒண்ணு கேக்கறேன். புதுசை நீ வாசிச்சுப் பாத்தியா?

— கடையில கையில எடுத்துப் பாத்தேன்.

— எவ்வளவு நேரம்?

— எடுத்ததும் தெரியாதா, என்ன லட்சணம்னு?

— இரு, பெட்டியைத் திறக்கிறேன். இது புதுசுதானே. இரவலா?

— ...வாங்கினது.

— யாரும் வாங்காதீங்கன்னு கடுதாசி எழுதினவ நீ.

— எதிராளியைப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தானே குறை சொல்ல முடியும். மூடு பெட்டியை. தூசி படும்.

— தூசி பட்டா என்ன, உனக்குத்தான் பிடிக்காதே. இரு... வெளிச்சத்துல காட்டு.

— எதுக்கு?

— இந்த இடத்துல பாரு. வால்யூமை ஒட்டி. பெயின்ட் பளபளப்புப் போயிருக்கு. கடையில கையில எடுத்துப் பாத்தா இப்படித் தேயாதுக்கா. மாசக்கணக்கா, தினம் ரெண்டு மணி நேரமாவது வாசிச்சிருக்கணும்.

— துடைக்கும்போது தேஞ்சிருக்கும்.

— துணி இப்படித் தேய்க்காது. பெயின்ட்டோடயே இருக்கிறவன்கிட்டச் சொல்றியே.

— ...முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. யார் அந்த ஏழு பேர்?

— யாருமில்லை.

— பத்து பேர்னியே?

— அந்தப் பத்து பேரும் இல்லை. நானே எழுதினது.

— கம்பெனிக்கு?

— தெரியாது. நம்பிட்டாங்க. நல்ல கையெழுத்துல, கட்டம் போட்டு எழுதினா எல்லாரும் நம்புவாங்க.

— எதுக்குடா?

— போன வருஷம் உன் பழைய கிட்டாருக்கு ஒயர் மாத்திக் குடுத்தேனே. அதுல வால்யூம் பக்கத்துல பெயின்ட் முழுசாப் போய் மரம் தெரியும், உன் சுண்டுவிரல் இத்தனை வருஷமா உரசின இடம். அதுக்கு ரெண்டு விரற்கடை தள்ளி, இன்னொரு தேய்மானம் பாத்தேன். புதுசு. விரல் படற இடம் இல்லை அது. உள்ளங்கை ஓரம் படற இடம். விரல் எட்டாம, கையை மடக்கி வச்சுக்கிட்டு, உரசி உரசி...

— நிறுத்து.

— ஸ்கேலை வச்சு அளந்தேன். அப்புறம் உன் கச்சேரி வீடியோ எல்லாத்தையும் பாத்தேன். அடுத்த அறையிலேருந்து பாடிக்கிட்டு வரும்னியே, அந்த ஓசை வர்ற பாட்டு ஒண்ணைக்கூட நீ ஒரு வருஷமா மேடையில வாசிக்கலை. கேட்டதுக்கு, ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னே.

— ஜனங்களைப் பத்தி உனக்கென்ன தெரியும்?

— கையைக் காட்டுக்கா.

— மாட்டேன்.

— அம்மா கை மாதிரிதானே?

— ...சுண்டுவிரல் மட்டும்தான். மத்ததெல்லாம் நேரா இருக்கு.

— டாக்டர் என்ன சொன்னார்?

— அம்மாகிட்ட என்ன சொன்னாரோ அதான். உள்ளங்கைக்குள்ள கயிறு மாதிரி ஒண்ணு இறுகி விரலை இழுக்குது, குடும்பத்துல வரும். வெட்டிச் சரி பண்ணலாம், திரும்பவும் மடங்கலாம்.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.

— சொன்னா நீ என்ன கிழிச்சிருப்பே?

— உனக்குத் தோதா ஒரு கிட்டார் செஞ்சு குடுத்திருப்பேன்.

— நான் வாங்கியிருப்பேனா?

— மாட்டே. அதானே. மேடையில உன்னோடது மட்டும் வேற மாதிரி இருந்தா, ஏன்னு நாலு பேர் கேப்பாங்க. உனக்கு அது ஆகாது. அதனால... எல்லா கிட்டாரையும் மாத்திட்டேன். எல்லாமே ஒரே மாதிரி இருந்தா, அது உன் கைக்காகன்னு யார் கண்டுபிடிக்கப் போறாங்க?

— ஒரு விரலுக்காக ஒரு ஃபேக்டரியையே திருப்பியிருக்கே.

— ரெண்டு விரற்கடைதான் திருப்பினேன்.

— பல்லைக் காட்டாதே. நெட்டையனோட கிட்டார் பாழாப் போச்சே, அது எனக்காகவா? வாத்தியார் வெயில்ல உட்கார்ந்திருக்காரே, அதுவும் எனக்காகவா?

— திட்டட்டும். ஆறு மாசத்துல பழகிடுவாங்க.

— ஏன் பழகணும்? இருநூத்திப் பதினோரு பேருக்கு விரல் நேரா நீளுது. அவங்க கைக்கிட்ட இருந்ததைப் பிடுங்கி என் கைக்கிட்ட வைக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?

— நீ என் அக்கா.

— அதுக்கு?

— வேற காரணம் வேணுமா?

— ...வேணும். இந்த விஷயத்துல வேணும். அம்மா பதினோரு வருஷம் அந்தக் கையைக் கைப்பைக்கு அடியில வச்சுக்கிட்டே ஆபீஸ் போய் வந்தாங்க. கூட வேலை செஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. நாமளும் அவங்களுக்காக எத்தனை பொய் சொன்னோம். கதவுல நசுங்கிடுச்சு, கட்டு போட்டிருக்கு... கடைசியில, அவங்க போன அன்னிக்கு, அந்த விரலை நாம ரெண்டு பேரும் விரிச்சு விடப் பாத்தோம். நினைவிருக்கா?

— விரியலை.

— விரியலை. யாருக்குப் பயந்து இத்தனை நாள் ஒளிச்சாங்கன்னு அன்னிக்கு அவ்வளவு ஆத்திரம் எனக்கு. இப்போ நான் ஒளிக்கிறேன், நீ பொய் அறிக்கை எழுதறே. அதே குடும்பம், அதே வேலை. எனக்கு வேண்டாம்டா இது.

— அப்போ உன் கிட்டார்?

— என் கிட்டார்தான் இதோ இருக்கே. இது ஒண்ணு போதும். வர்ற சனிக்கிழமை இதை எடுத்துட்டுத்தான் மேடை ஏறப் போறேன். ஒரு வருஷமா வாசிக்காத அத்தனை பாட்டையும் வாசிப்பேன். ஊர்ல எல்லாரும் வேண்டாங்கிற இந்த வாத்துத் தலை உன் கையில மட்டும் ஏன்னு யாராவது கேக்கட்டும், விரலை நீட்டிக் காட்டுறேன். நீளுற வரைக்கும்.

— அறிக்கை பொய்னு சொன்னா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா.

— அனுப்பலாம். கத்திட்டு விடவும் செய்யலாம். உன் அளவுக்கு வரையறவன் இங்கே வேற யார் இருக்கா? எது ஆனாலும், நீ மட்டும் போய் நிக்க வேண்டாம். நானும் வர்றேன்.

— நாளைக்கா?

— நாளைக்கு என்ன நாளைக்கு. அந்த மேற்பார்வையாளர் இப்பத்தானே அந்தப் பக்கம் போனார். எழுந்திரு.

— ...சட்டையில மை.

— இருக்கட்டும். வரைஞ்சவன்னு தெரியட்டும்.

— சரி. கையெழுத்துப் போடலை. அறிக்கையும் நான் எழுதினதுதான்னு சொல்லிடுறேன். ஆனா நீ ஒண்ணை ஒத்துக்கணும். நான் இன்னிக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா, இது உனக்காகச் செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் உனக்குத் தெரிஞ்சிருக்காது.

— கடையில முதல் நாள் அதை மடியில வச்சேன். குறை சொல்றதுக்குன்னுதான் எடுத்தேன். கை போய் உட்கார்ந்த இடத்துல வால்யூம் இருந்துச்சு, விரலே வேண்டாம், உள்ளங்கை ஓரம் பட்டதும் திரும்புது. அத்தனை நாளா வராம இருந்த அந்த ஓசை கடை முழுக்க வந்துச்சு. என் கையோட அளவு உலகத்துல ஒருத்தனுக்குத்தான்டா தெரியும். அங்கேயே அழுதேன், கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணி குடுத்தார். அப்புறம் அதை வாங்கிட்டு வீட்டுக்குப் போய், கண்ணைத் துடைச்சுக்கிட்டு, உன் கம்பெனிக்கு அந்தக் கடுதாசியை எழுத உட்கார்ந்தேன்.