மரத்துக்கு வாங்கிய இலை

தம்பானூரில் ஏறிய பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவள் மடியிலிருந்த பொட்டலத்தைத் தட்டிச் சொன்னாள்:

“எங்க வீட்டு மரத்துக்கு இலை வாங்கிட்டு வரேன்.”

“மரத்துக்கு இலையா? என்னக்கா சொல்றீங்க?”

“பால்கனித் தொட்டியில பிரிஞ்சி மரம் நிக்குதுல்ல, அதுல ஒத்தை இலை பறிக்க அவர் சம்மதிக்க மாட்டார். தினமும் ஈரத்துணியால துடைச்சு விடறார். ஆனா ஃபிளாட்ல யார் பிரியாணி வெச்சாலும், ‘நம்ம மரத்து இலை தரேன்’னு வாக்கு கொடுத்துருவார். கீழ விழுந்ததைப் பொறுக்கிக் கொடுக்கணுமாம். அது விழுந்தாத்தானே! பின்னே, ஆரியசாலைக் கடைல வாங்கித்தான் கொடுக்கறேன்.”

“அவருக்குத் தெரியாதா?”

“போன வாரம் கடைப் பொட்டலத்தைப் பாத்துட்டார். ஒரு இலையைக் கசக்கி மோந்துட்டு, ‘நம்ம இலையோட வாசனை இதுல பாதிகூட இல்லை’ன்னார். அதையேதான் குருமால போட்டேன். ‘இதுதான் நம்ம இலை!’ன்னு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.”

இளையவள் சிரிக்கவில்லை.

“அப்போ எங்க கல்யாண நாள் பிரியாணிக்கு நீங்க தந்தது?”

“கடை இலைதான். ஏன்டி?”

“கஷ்டம்! அந்த வாசனையில மயங்கித்தானே எங்க வீட்டுக்காரரும் ஒரு மரம் வாங்கினார்.”

“நல்லதாப் போச்சு. பறிச்சுப் போட்டுப் பாத்தியா?”

“எங்கக்கா பறிக்க? அதுக்குப் பேரே வெச்சுட்டார்.”