எழுபத்தொன்பது தசம் நான்கு

சாயந்தரம் ஐந்தே முக்கால் மணி. அப்புத்தளைக்கு இந்தப் பக்கம், மேல் டிவிஷனுக்குப் பிரிகிற தேயிலைத் தோட்டத்து ரோடு. பஸ் இறக்கிவிட்டுப் போய்விட்டது... அதன் சத்தமும் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. ஒரே மூட்டம். ரோட்டில் ஆள் இல்லை, நாய் இல்லை. ஷெல்டன் ஒருவன்தான். தோளில் ஒரு பெட்டி.

பெட்டிக்குள் ரேடியோ. கையில் தூக்கிக்கொண்டு திரிகிற ரேடியோ இல்லை. ஜப்பானிலிருந்து பழைய சாமானோடு சாமானாகக் கப்பலில் வந்து இறங்குகிற ரிசீவர். கறுப்பு நிறம். அம்மிக் கல் கனம். முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திருகு. திருகினால் நீல நிறத்தில் நம்பர் ஓடும்.

கிட்ட வந்து உட்காருங்கள். போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். இது யாரோ ஊர் பேர் தெரியாதவருக்கு நடந்தது இல்லை. பதுளையில் தையல் கடை வைத்திருக்கிற ஷம்ராவுக்கு டிலானி என்று ஒரு கூட்டாளி. அந்த டிலானியின் அத்தை மகன்தான் ஷெல்டன். பதுளை பஸாரில் சண்முகராஜா முதலாளியின் ரேடியோ, டீவி ரிப்பேர் கடையில் வேலை. அப்பா அந்தோனிமுத்து கங்காணி போன வருஷம் குளவி கொட்டிச் செத்துப்போனார். அன்றிலிருந்து தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா சூசையம்மா தனியாள்.

தனியாள் என்றால், அழுது புரண்ட தனியாள் இல்லை. அவள் அழவே இல்லை. சோறு வைத்தால் தின்பாள். வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். ஷெல்டனும் அப்படித்தான் இருந்தான். அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போது, ஒரு ஆணி கோணலாக இறங்குகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றவன். ஆனால் ஒன்று மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளும் போனால் அவனுக்கு ஆள் இல்லை. வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இருந்தால் அவள் நிற்பாள் என்று நினைத்துத்தான் அந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தான்.

மாதா படத்துக்குக் கீழே மேசையில் வைத்தான். ஸ்பீக்கர் இரண்டையும் பூட்டினான். ஏரியல் வயரைச் சுவரில் ஆணி அடித்து நீளமாக இழுத்துக் கட்டினான்.

"என்னடா தம்பி, ஆஸ்பத்திரி மிஷின் மாதிரி இருக்கு."

"பாட்டுக் கேளுங்கம்மா. பூசை கேளுங்க. சும்மா சொவத்தப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க."

"சொவரு என்ன பண்ணுச்சு ஒன்னைய."

அதே லயத்தில் இருக்கிற டிலானி வாசலில் வந்து நின்றாள். "அத்தைக்கு மட்டுந்தானா மச்சான்? எனக்கெல்லாம் ஒண்ணும் கெடையாதா?"

"ஒனக்கு எதுக்கு? நீ வாயத் தொறந்தாலே நாலு ஸ்டேஷன் ஓடுது."

திருகைச் சுழற்றியவன் நெற்றியில் தட்டிக்கொண்டான். ஜப்பான் செட். அதில் எஃப்.எம். எழுபத்தாறில் தொடங்கித் தொண்ணூறோடு முடிந்துவிடும். நம் நாட்டு ஸ்டேஷன்கள் முக்கால்வாசி தொண்ணூறுக்கு மேலே. கடையில் நாலு பேருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பவன், தன் வீட்டுக்குப் பார்க்காமல் தூக்கி வந்துவிட்டான்.

இருந்தாலும் பார்ப்போமே என்று ஓட்டோ பட்டனை அமுக்கினான். அமுக்கினால் நம்பர் தானாக ஓடும். எங்கே அலை கிடைக்கிறதோ அங்கே தானாக நிற்கும். எழுபத்தாறு... எழுபத்தேழு... எழுபத்தெட்டு...

எழுபத்தொன்பது தசம் நான்கில் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

அந்த விளக்கு அலை வந்தால்தான் எரியும். அந்த நம்பரில் இந்த நாட்டில் ஸ்டேஷன் இல்லை. வெறும் இரைச்சல்தான் வந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால்... தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி. அதற்குப் பின்னால், நிறையப் பேர் ஈர மண்ணில் கால் மாற்றி மாற்றி நிற்கிற மாதிரி. யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி.

"ஒண்ணும் இல்லம்மா, சும்மா எரையுது. அடுத்த கெழம கொண்டுபோய்ச் சரி பண்ணித் தர்றேன்."

"இருக்கட்டும். அதுலயே விடு."

ஒரு வருஷத்தில் அவள் வாய்விட்டு வேண்டும் என்று சொன்னது அது ஒன்றுதான். அவன் அதிலேயே விட்டுவிட்டுப் போனான்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது மேல் லயத்து வாசலில் வெள்ளைக் கொடி. வடிவம்மா செத்துப்போனாள் என்றார்கள். சூசையம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள்.

"நல்லாத்தான் இருந்தாங்க மச்சான்," என்றாள் டிலானி. "நேத்து மலையில நின்னவங்க அப்படியே உக்காந்தாங்க. தண்ணி கொண்டாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை புதைத்துவிட்டு வந்து, கால் கழுவி, சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். சூசையம்மா பருப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அவ பேரு வியாழக்கிழமையே வந்துருச்சு."

"எங்க வந்துச்சு?"

"ரேடியோல. மூணு தரம் கூப்புட்டுப் பாத்தாரு, பதில் இல்ல. நாளைக்கு அவளே சொல்லுவா பாரு."

"யாரும்மா கூப்புட்டது?"

"சாப்பிடு. ஆறிரும்."

அவன் சாப்பிட்டான். பயம் வரவேண்டிய இடம்தான்... வரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி.

திங்கட்கிழமை காலை. முதல் பஸ்ஸுக்காக எழும்பினான். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சூசையம்மா அதற்கு முன்னமே குளித்து, தலை வாரி, ரிசீவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அறை முழுக்கப் பச்சைக் கொழுந்து வாசம். வெற்றிலை வாசம்.

பச்சை விளக்கு எரிந்தது. இரைச்சல் ஒரு பக்கமாக ஒதுங்கியது, ஆள் வரும்போது கூட்டம் ஒதுங்குகிற மாதிரி.

"லூர்தம்மா."

"வந்துட்டேங்க."

"சவரியப்பன்."

இரண்டு இருமல். "வந்துட்டேங்க."

பெரட்டு. காலையில் வேலைக்கு வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மலை பிரித்து விடுகிற பெரட்டு. கூப்பிடுகிற குரல் அந்தோனிமுத்து கங்காணியின் குரல். லூர்தம்மா பிரசவத்தில் போனவள், ஷெல்டன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். சவரியப்பன் இருமியே போனவர்.

"வடிவம்மா."

"வந்துட்டேங்க."

நேற்று அந்தக் குழியில் அவனும் ஒரு பிடி மண் போட்டிருக்கிறான்.

"அம்மா... அப்பாம்மா அது."

"அப்பா இல்ல. கங்காணி. பெரட்டுல அவரு யாருக்கும் அப்பா இல்ல."

"வடிவம்மாவுக்கு அடுத்த பேரு யாரு?"

"நாந்தான்." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஷெல்டன் பாய்ந்து ஏரியல் வயரைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது. விளக்கு அணையவில்லை. கங்காணி பேர்ப் புத்தகத்தில் தாள் திருப்புகிற சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. பிளக்கில் கை வைத்தான். சூசையம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய கை. அசைக்க முடியவில்லை.

"அணைச்சுறாத தம்பி. கல்யாணம் கட்டுன நாள்லருந்து வீட்டுல ஒரு தடவ அந்த மனுசன் எம் பேரச் சொன்னதில்ல. ஏய்ம்பாரு, இந்தாம்பாரு, ஷெல்டன் அம்மாம்பாரு. பெரட்டுல மட்டுந்தான் பேரச் சொல்லுவாரு. அதுக்காகத்தான் காச்ச அடிச்சாக்கூட நான் வேலைக்குப் போனேன்."

"சொன்னா நீங்க போயிருவீங்கம்மா."

"ஆமா."

"நான் என்ன பண்றது அப்ப?"

அவள் அவனைப் பார்த்தாள். அதற்குள்...

"சூசையம்மா."

அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே அப்போது. கல்யாணப் பெண் மாதிரி. வாயைத் திறந்தாள். ஷெல்டன் தன் உள்ளங்கையால் அந்த வாயை இறுக்கி அடைத்தான். இரண்டாம் தரம் குரல் கூப்பிட்டது. மூன்றாம் தரத்துக்கும் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். வடிவம்மாவுக்கு ஆனதுதான்.

பெரட்டுக்கு யாராவது பிந்திவிட்டால், பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்வார்கள். சொன்னால் பேர் வெட்டுப்படாது. பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்த வார்த்தையைத் தினம் தினம் கேட்டு வளர்ந்தவன் ஷெல்டன். யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"வந்துக்கிட்டிருக்காங்க!"

தூறல் நின்றது. இருமல் நின்றது. அத்தனை கால்களும் அசையாமல் நின்றன.

"யாரு அது சொல்றது?"

அப்பா கேட்டால் பதில் சொல்லாமல் இருந்து அவனுக்குப் பழக்கமில்லை.

"நாந்தாங்க... ஷெல்டன்."

பென்சில் கீறுகிற சத்தம். பிறகு மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரலில், கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல்:

"அவுங்க வரலைன்னா, வர்ற வரைக்கும் அவுங்க நெரைய நீதான் புடிக்கணும்."

நெரை என்றால் கொழுந்துச் செடி வரிசை. ஒரு ஆளுக்கு ஒரு வரிசை.

"சரிங்க," என்றான் ஷெல்டன்.

பச்சை விளக்கு அணைந்தது.

அதே பஸ்ஸில் அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப் போய்விட்டான். ரிசீவரை லயத்திலேயே விட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை டிலானியிடம் கொடுத்தான். சூசையம்மா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தேயிலை தீர்ந்து டவுன் வருகிற வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்கு எடுத்தான். அவள் சமைத்தாள். சாப்பிட்டாள். மூச்சு விட்டாள். அவனுக்கு அது போதும்.

இரண்டு நாள் போனது. புதன்கிழமை பகல், கடையில் சண்முகராஜா முதலாளி வந்து தோளைத் தட்டினார்.

"டேய் ஷெல்டன், என்ன செய்ற?"

"ஐசி மாத்துறேன் முதலாளி."

"எங்கடா ஐசி? ரெண்டு மணி நேரமா நின்னுக்கிட்டு மேசையக் கிள்ளிக்கிட்டு இருக்க."

ஷெல்டன் குனிந்து பார்த்தான். சுடுகோல் ஆறிக் கிடந்தது. வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நுனியில் கறுத்திருந்தன. சோல்டர்ப் புகை என்று நினைத்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனான். பச்சை வாசம். பஸாரில் எங்கே தேயிலைச் செடி...

அன்று சாயந்தரம் சூசையம்மா அவன் கையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் எலுமிச்சங்காய் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து, விரல் விரலாகத் தேய்த்தாள்.

"மூணு நாளைக்கு எரியும். அப்புறம் தெரியாது."

"ம்."

"காலையில கேக்குதா ஒனக்கு?"

"கேக்குதும்மா."

"ரேடியோ இல்லாமலா?"

"ஆமா."

"யாரு பேரக் கூப்புடுறாரு? ஓம் பேரா, எம் பேரா?"

"ஒங்க பேருதான்."

அவள் எலுமிச்சங்காயின் மறு பாதியை எடுத்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"நீ என்ன சொல்ற?"

"வந்துட்டேங்கன்னு சொல்றேன்."

"சத்தமாச் சொல்லு. அவருக்கு எடது காது கேக்காது."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் படுத்துத் தூங்கினார்கள்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஷெல்டன் சாப்பாட்டுப் பையைத் திறந்தான். தினமும் இருக்கிற சோற்றுப் பெட்டி இல்லை. இரண்டு ரொட்டி, கட்டைச் சம்பல், போத்தலில் தேத்தண்ணீர். மலைக்குப் போகிற ஆளுக்குக் கட்டுகிற மாதிரிக் கட்டியிருந்தாள். அடியில் கொழுந்துக்காரர்கள் இடுப்பில் சுற்றுகிற படங்கு, நாலாக மடித்து. விரித்துப் பார்த்தான். அம்மாவின் அளவில் இல்லை. பழைய தையலைப் பிரித்து, இடுப்புக் கயிற்றை நீட்டி... அவன் அளவுக்குத் தைத்திருந்தாள்.