துளசிங்கம் நின்ற இடம்

அவைக்குத் தலைமை தாங்கும் பெரிய நாட்டார் ஆதிகேசவன் அவர்களே! அலையின் முகம் பார்த்தே ஆண்டுகளைக் கழித்த பெரியோர்களே! ஏரிச்சேற்றில் இறால் தடவிய கைகளால் எங்களுக்குச் சோறிட்ட தாய்மார்களே! மூன்று குப்பத்து உறவுகளே! கருவாட்டுக் கூடை சுமந்து கிடங்கு கட்டிய உங்கள் கண்ணப்பனின் வணக்கம்.

நேரமில்லை. நாளைக் காலை ஒல்லாந்தர் கோட்டையில் முதல் விசாரணையின் கடைசி அமர்வு. வாக்குமூலத்தின் மேல் அரக்கு முத்திரை விழுந்துவிட்டால், நம் வரதன் விலங்கோடு, கடலுக்கு அப்பால் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏறுவான். ஏறியவர் எவர் திரும்பினார்? சொல்லுங்கள், எவர்?

குற்றம் என்ன? முகத்துவாரத்தில் ஒல்லாந்தரின் துணி ஏற்றிய படகின் காவலாளியைத் தள்ளிவிட்டு மூழ்கடித்துக் கொன்றானாம். கண்டவர் யார்? நம் துளசிங்கம் ஒருவர்தான். வரதனுக்காகச் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கக் கோட்டை அதிகாரி எனக்கு அனுமதி தந்தார். தந்தாரே! நான் என்ன செய்தேன்? செவுள் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவன் என்ற திமிர் எனக்கு. முந்தாநாள் எடுத்த எடுப்பில் கேட்டேன்: "நீ எங்கே நின்று பார்த்தாய்?"

மனிதர் பயந்து பின்வாங்கினார்: "கரையிலண்ணே, தூரத்துல. வரதன் கை நீட்னதுதான் தெரிஞ்சுது." எழுத்தர் எழுதிக்கொண்டார். கெடுத்தவன் யார்? நானேதான், ஐயா!

நேற்று துளசிங்கம் என் கிடங்குக்கு வந்து நடந்ததைச் சொன்னார். இந்த அவையில் நான் அதைச் சொல்லவும் சம்மதித்தார். அதோ, பின்னால் நிற்கிறார். அன்று அவர் நின்றது கரையில் அல்ல. இடுப்பளவுத் தண்ணீரில், வலையோடு, படகுக்குப் பக்கத்தில்! காவலாளி தானே கால் வழுக்கி விழுந்தார். பிடிக்கத்தான் வரதன் கை நீட்டினான். தாங்க நீண்ட கை, தூரத்துக் கண்ணுக்குத் தள்ளிய கை!

கிட்டே நின்று கண்டதை ஏன் விழுங்கினார்? சீட்டுக் குலுக்கி, நாள் பிரித்து, வீட்டுக்கு வீடு மீன்பிடிக்க முறை வைத்தோமே பாடு, அதனால்தான். அன்று முகத்துவாரத்துப் பாடு லோகநாயகி அம்மாள் வீட்டாருடையது. அடுத்தவர் பாட்டில் வலை போட்டவன் ஓராண்டு ஏரியில் இறங்கக் கூடாது என்பது நம் கட்டுப்பாடு. அவர் கோட்டைக்குப் பயப்படவில்லை. நமக்குப் பயந்தார்! இந்த ஒரு தடவை அந்தத் தண்டனையை விட்டுக்கொடுங்கள், அவர் நிஜத்தைச் சொல்லட்டும்.

இரைச்சல் வேண்டாம்! என்னம்மா லோகநாயகி? "எங்க பாட்டுல திருடினவன சும்மா வுடச் சொல்றியே, இன்னாண்ணே நாயம் இது?" என்கிறீர்களா? திருட்டுதான். மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் மீனுக்கு ஒரு மனிதனா ஈடு? வரதனின் மனைவி பச்சையம்மா உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உரக்க, அம்மா, உரக்க! "அவன் முறை வர்றப்போ ஒரு நாள் எங்களுக்கு வுடட்டும். ஏரிய வுட்டுத் தள்ள வேணாம். போய் நெசத்தச் சொல்லச் சொல்லு." கேட்டீர்களா? பெரிய நாட்டாரும் தலையசைத்துவிட்டார்!

தம்பி துளசிங்கம், தலையைத் தூக்கு. அன்று ஏன் மாற்றிச் சொன்னாய் என்று அதிகாரி சீறுவார். ஊருக்குப் பயந்தேன், இப்போது ஊரே என்னை அனுப்பியது என்று சொல். நம்பாவிட்டால் வாசலை எட்டிப் பார்க்கட்டும். அத்தனை பேரும் நிற்போம்.

நாளை பேச வேண்டியவன் நானல்ல, ஆகவே அமர்கிறேன். விட்டுக்கொடுத்த தாய்க்கு நன்றி. விடிந்ததும் கோட்டை வாசல், மறக்காதீர்கள். வணக்கம்!