சிவக்கவில்லை என்று சொன்னேன்

டாக்டரம்மாவுக்கு,

நாங்கள் தங்கிய ஓட்டலில் கடலைப் பார்த்த மேசை வேண்டுமென்றால் காலை ஏழரைக்குள் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட வேண்டும். எட்டு மணிக்குப் போனால் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசைதான் மிஞ்சும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நாற்காலியை இடித்துக்கொண்டு போவார்கள். முதல் நாள் காலை எங்களுக்கு அதுதான் கிடைத்தது. மறுநாளிலிருந்து உஷாராகிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றீர்கள். எந்தெந்த நேரம் சொட்டு மருந்து விட்டோம், பார்வை எப்போது மங்கத் தொடங்கியது, உடனே ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கீழே நோயாளியும் கூட இருப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் படித்த பிறகுதான், இரண்டாம் தடவை கருவிழி மாற்றும் பட்டியலில் என் மனைவியைச் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய முடியும் என்றீர்கள். நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறீர்கள். இப்போது பிற்பகல் மூன்றரை. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

நேரம் தவறாமல் சொல்வது எனக்குக் கைவந்த வேலை. இருபத்தாறு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை. நான் வாயைத் திறந்தால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். பிறகு பதிவு செய்த பெண்குரல் ஒன்று வந்தது. அதற்குத் தொண்டை கட்டுவதில்லை, டீ குடிக்கப் போவதும் இல்லை. என்னைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றினார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்த வருடம்தான் என் மனைவிக்குப் பார்வை போனது. தையல் வேலை செய்தவள். முதலில் இடது கண், எட்டு மாதம் கழித்து வலது. மனது உடைந்துபோனது உண்மை. ஆனால் வீட்டில் எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. "ரெண்டு படி, கீழே." "வலது கைப்பக்கம் தண்ணி டம்ளர்." சாப்பிடும்போது தட்டைக் கடிகாரமாக வைத்துச் சொல்வேன்: "மூணு மணிக்கு மீன், ஒன்பது மணிக்குக் கீரை, ஆறு மணிக்குச் சோறு." அவள் சிரிப்பாள்.

"பயணிகளின் கவனத்திற்குன்னு ஒரு தடவை சொல்லிட்டு ஆரம்பிங்க. அப்பத்தான் எனக்குப் பசிக்கும்."

கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லவும் ஆரம்பித்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சமையலறைச் சுவருக்கு இளம்பச்சை அடித்தாகிவிட்டது என்றேன், அடிக்கவில்லை. எனக்கு நாலு முடிதான் நரைத்திருக்கிறது என்றேன். ஐந்து வருடத்துக்கு முன்பு, இப்போது போய்வந்த இதே கடலோர நகரத்துக்கு அவளைக் கூட்டிப்போனபோது, கலங்கரை விளக்கத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கிறார்கள் என்றேன். அது வெறும் சிமெண்டு நிறம். மழையில் ஊறிக் கறுத்தும் போயிருந்தது. சிமெண்டு நிறம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பிறகு நீங்கள் வலது கண்ணுக்குக் கருவிழி மாற்றினீர்கள். கட்டைப் பிரித்த அன்று அவள் முதலில் பார்த்தது என்னைத்தான். "ஐயோ, இவ்வளவு கிழவனாவா ஆயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அழுதாள். நீங்களும் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். "பச்சை ரொம்ப வெளிறிப்போச்சு போல" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மூன்றாம் மாதம் ஊசியில் தானே நூல் கோர்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் துணி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். செய்தித்தாளை அவளே படித்தாள், என்னைவிட வேகமாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். காலையிலிருந்து மாலை வரை அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பால் வந்துவிட்டதா என்று.

அந்த வாரம்தான் பயணப் பேச்சை எடுத்தாள். அவளுடைய யோசனைதான். இரண்டு ராத்திரி, மூன்று பகல். கடலைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும், நல்ல ஓட்டலில் உட்கார்ந்து உணவுப் பட்டியலைத் தானே படித்துச் சாப்பாடு சொல்ல வேண்டும்.

"இந்தத் தடவை நான் பார்த்துச் சொல்றேங்க. நீங்க கண்ண மூடிக்கிட்டு என் கையப் பிடிச்சுட்டு வாங்க, போதும்."

நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள். கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், கடல் தண்ணீர் படக்கூடாது, சொட்டு மருந்து ஒரு வேளை கூடத் தவறக்கூடாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும். நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தடவை கேட்டால் எனக்கு மறக்காது, தொழில் அப்படி.

மருந்து தவறவே இல்லை. காலை எட்டு, பன்னிரண்டு, மாலை நான்கு, எட்டு. ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. கடற்கரைச் சாலை பெஞ்சிலும் விட்டேன், மீன்காட்சிச் சாலையில் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நிற்கவைத்தும் விட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும்" என்றார். என் மனைவி பெருமையாகத் தலையாட்டினாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

முதல் நாள் மதியம் அவள் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"சிவப்பு வெள்ளைப் பட்டைன்னு சொன்னீங்களே."

"இப்பத்தான் மாத்திட்டாங்க போல."

"போங்க. நீங்க சொன்னதுதான் நல்லா இருந்துச்சு" என்றாள். கையை என் கைக்குள் விட்டுக்கொண்டாள். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஊருக்குத் திரும்பும் வண்டி நாலே முக்காலுக்கு இருந்தது, நேரம் எனக்குத் தெரியும்.

அன்று மாலை சாப்பாட்டின்போது ஒன்று சொன்னாள். பட்டியலை முன்னாலிருந்து பின்னால் வரை படித்துவிட்டு, சூப்பும் சுட்ட மீனும் சொல்லியிருந்தாள். சூப்பை உறிஞ்சிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முன்னெல்லாம் மருந்து விட்டா தொண்டையில கசப்பு இறங்கும். இப்ப கொஞ்ச நாளா கசக்கவே இல்லையே?"

"பழகிப்போச்சு" என்றேன்.

இரண்டாம் நாள் மாலை கடற்கரை விளக்குகளைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றாள். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள், பாவம். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன். கண்ணு உறுத்துது. கண்ணாடியில பார்த்தா மங்கலா இருக்கு, எனக்கே சரியாத் தெரியல. சிவந்திருக்கா?"

ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கருவிழியைச் சுற்றி நல்ல சிவப்பு. யாருக்கும் தெரியும்.

"சிவக்கவே இல்லையே. காத்துல மணல் பட்டிருக்கும்" என்றேன்.

அவள் சரி என்றாள். இத்தனை வருடமாக நான் சொல்லி அவள் சரி என்றே பழக்கம். ஏழரைக்குக் கீழே போய்க் கடலோர மேசையைப் பிடித்தோம்.

பத்து மணிக்கு, எதற்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடலாமே என்றாள். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். ஐந்து நிமிடம் நின்றேன். கீழே ஒரு ஆள் நீச்சல் குளத்தில் விழுந்த இலைகளை வலையால் அள்ளிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "டாக்டர்கிட்டயே பேசிட்டேன். அலைச்சல்தானாம். அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம், ரெண்டு நாள் கூட இருந்து ஓய்வெடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன். உங்கள் குரலில் அக்கறை இருந்ததாகவும் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தில் நான் யாருக்கும் போன் செய்யவில்லை. உங்கள் பதிவேட்டில் தேட வேண்டாம்.

அப்படித்தான் மூன்று பகல் ஐந்து பகலானது. நான்காம் நாள் அவள் கடைப் பெயர்களைப் படிப்பதை விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் மதியம், சாப்பாடு வந்து வெகுநேரம் ஆகியும் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"தட்டுல எது எங்க இருக்கு?"

"மூணு மணிக்கு மீன்" என்றேன். குரல் நன்றாக வந்தது. ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்த காலத்தில் வந்ததுபோல வந்தது. "ஒன்பது மணிக்குக் கீரை. முள் எடுத்துட்டேன், பயப்படாம சாப்பிடு." அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதைத்தான் நினைத்து நினைத்துக் கூசிப்போகிறேன். சாப்பிட்டதைச் சொல்கிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்து பால் மாதிரி இருக்கும், குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, அவள் துணி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அதைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சிக் கொட்டினேன். குப்பியைக் கழுவி, கண் உலராமல் இருக்க மருந்துக்கடையில் விற்கும் சாதாரணச் சொட்டை அதில் நிரப்பினேன். அது தண்ணீர் மாதிரிதான், குலுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பதினைந்து நாளும் ஒவ்வொரு வேளையும் அவள் காதில் விழும்படி குலுக்கித்தான் விட்டேன்.

முழுக்கப் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் மங்கினால் போதும் என்று இருந்தேன். எழுத்து தெரியாத அளவுக்கு, ஊசி தெரியாத அளவுக்கு. யாரோ இறந்துபோய் அவர் வீட்டார் மனசு வைத்துக் கொடுத்த கண். நீங்கள் இரண்டு மணி நேரம் குனிந்து தைத்தது. அதை நான் பதினைந்து நாளில் பாழாக்கினேன். செய்தது நான்தான். அவளுக்குச் செய்தது துரோகம். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. தன்னையே சொல்லிக்கொள்கிறாள். "கடலுக்குப் போகணும்னு நான்தானே அடம்பிடிச்சேன். உங்களுக்கும் திரும்பச் சுமையாகிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று ஊருக்கு வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பரவாயில்லை என்று சொன்னேன். அவளை மன்னித்துவிட்டேன், டாக்டரம்மா. இப்படி ஒரு காரியத்தையும் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சற்று முன் நான்கு மணி ஆனது. மருந்து விட்டேன். இப்போது குப்பியில் இருப்பது உண்மையான மருந்துதான். அவளும் கசக்கிறது என்றாள்.

"இவ்வளவு நேரமா எழுதுறீங்க, அப்படி என்னதான் எழுதுறீங்க? படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

தாளைக் கையில் எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "டாக்டரம்மாவுக்கு. நாங்கள் கடலோர நகரத்துக்குப் போயிருந்தோம். வானம் தெளிவாக இருந்தது. மருந்து நேரம் தவறாமல் விடப்பட்டது. என் மனைவி கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள். மூன்றாம் நாள் மணல்காற்று அடித்தது" என்று தடங்கல் இல்லாமல் படித்தேன். கடல் அன்று என்ன நிறத்தில் இருந்தது என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. கேட்டா மறுபடி போயிட்டு வந்த மாதிரி இருக்கு. இத பார்த்தா டாக்டர் கண்டிப்பா இன்னொரு கண்ணு குடுப்பாங்க, இல்ல?"

"குடுப்பாங்க."

"கையெழுத்து எங்க போடணும்?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். விரலைப் பிடித்து இடம் காட்டினேன். வரி கோணாமல் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

அந்தக் கையெழுத்து இந்தத் தாளில் இல்லை. பக்கத்திலிருந்த வெற்றுத் தாளில் வாங்கியிருக்கிறேன். இதில் அடித்தல் திருத்தல் அதிகமாகிவிட்டது, இப்படியே உங்கள் கையில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது. உங்களிடம் எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவள் பெயருக்கு மேலே நிறைய இடம் விட்டிருக்கிறேன், பத்து மணிக்குள் சுருக்கமாக, நல்லபடியாக ஒன்று எழுதிக்கொண்டு வந்துவிடுகிறேன்.