அசலைப் பார்க்காமல் இட்ட ஒப்பம்

சீழ்க்கை. பிறகு ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடி உடைகிறது.

"தலைய குனியுங்க ஸாறே! குனியுங்க!"

ஷாஹுல் கத்துகிறான். வேன் நிற்கவில்லை. என் மனைவி எஸ்தர் இருக்கைக்குக் கீழே கிடக்கிறாள். வலக்காதைப் பொத்தியிருக்கிறாள். விரல்களுக்கிடையே இரத்தம். துறைமுகம் இன்னும் தொலைவில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை. நண்பகல் தொழுகைக்கான அழைப்பு பாதியில் நின்றுபோன நாள்.

அந்த வெளிநாட்டு நகரத்தின் பெயரை எழுதவில்லை. நம் மாவட்டத்தவர் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான் அரசுக் கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்குள்ள கல்லூரியொன்றில் ஒப்பந்தத்தின் பேரில் ஆங்கிலம் கற்பித்தேன். ஷாஹுல் அக்கல்லூரியின் வேன் ஓட்டுநர். தேங்காப்பட்டணத்துக்காரன். நடந்ததைப் பற்றி நாகர்கோவிலில் சிலர் வேறுவிதமாகப் பேசுவதாக அறிகிறேன். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் மூவரின் கடவுச்சீட்டுகளும் கல்லூரியின் இரும்புப் பெட்டியில் இருந்தன. வேலைக்கு வருபவர்களிடம் வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். வியாழனன்று கல்லூரி எரிந்தது. இந்திய அரசு வழங்கிய புகைப்பட அட்டை ஏதேனும் ஒன்று இருந்தால் மீட்புக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று செய்தி வந்தது.

என்னிடமும் எஸ்தரிடமும் ஆளுக்கு மூன்று அட்டைகள். அந்நாடு தந்த பச்சை வசிப்பிட அட்டை. ஆதார். வாக்காளர் அட்டை. வழியிலுள்ள ராணுவச் சாவடிகளுக்குப் பச்சை அட்டை. துறைமுகத்தில் எது? ஆதார் என்றாள் எஸ்தர். வாக்காளர் அட்டை என்றேன் நான். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. குண்டுகளுக்கு நடுவே இதை அவளுக்கு விளக்கினேன்.

ஷாஹுல் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "ஒங்க கையில கெடக்க கார்டுக்கு கடையே வைக்கலாம். எனக்கு ஒண்ணு தாருங்க ஸாறே."

"ஒனக்கு இல்லியா மக்கா?"

"ஆதாரு உம்மாகிட்ட கெடக்கு. இஞ்ச கொண்டுவந்தா தொலச்சிருவேன்னு பிடிங்கி வச்சிட்டா. ஓட்டு கார்டு எடுக்கவே இல்ல."

கடல் கடந்து போகும் நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான். அட்டை வீட்டு அலமாரியில் இருக்கும். ஆள் வெளிநாட்டில் இருப்பான்.

படம் வந்தால் போதும், சான்றொப்பம் இடுகிறேன் என்றேன். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அழைத்தான். "உம்மா, அந்த கார்ட போட்டோ பிடிச்சு இப்பமே விடும். ஸாறு பாக்கணும்." இணைப்பு அறுந்தது.

துறைமுக வாயிலில் ஒரு மேசை. நம் நாட்டு அலுவலர். எங்கள் வாக்காளர் அட்டைகளை ஒரு நொடி பார்த்தார். உள்ளே கை காட்டினார். ஷாஹுலின் பச்சை அட்டையைத் திருப்பித் தந்தார். கைப்பேசிக்குப் படம் வரவில்லை.

சட்டைப்பையில் பச்சை மைப் பேனா இருந்தது. முதல்வராக இருந்தபோது மாணவர் சான்றிதழ்களில் ஒப்பமிட்ட பேனா. அசலைப் பார்க்காமல் ஒருமுறையும் இட்டதில்லை. அசல் இல்லாமல் வந்தவர்களை ஊருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தாள் கேட்டு வாங்கி எழுதினேன். இவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். இந்தியக் குடிமகன். அசல் அட்டையைப் பார்வையிட்டேன் என்றும் எழுதினேன். ஒப்பமிட்டேன்.

அலுவலர் படித்தார். ஓய்வு பெற்றவரின் ஒப்பம் செல்லாது என்றார். அட்டையின் நகலாவது வேண்டும் என்றார்.

அறையில் ஒரு நகல் இருப்பது அப்போதுதான் ஷாஹுலுக்கு நினைவு வந்தது. சந்தைக்குப் பின்னால்.

"நில்லுங்க ஸாறே. இன்னா வந்துட்டேன்."

"போவாத மக்கா! ஏலே, போவாத!"

எஸ்தர் கத்துகிறாள். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காமல் கத்துகிறாள். வேன் திரும்புகிறது.

சந்தைத் திசையில் இரண்டு வெடிகள். இடையே ஒரு மூச்சு. பிறகு புகை.

கப்பலின் படியில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். கப்பல் காத்திருந்தது. பிறகு காத்திருக்கவில்லை.

அவனோடு அறையில் தங்கியிருந்தவர் பின்னர் தொலைபேசியில் சொன்னார். வேன் சந்தை முனையில் எரிந்து கிடந்தது. அவனை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

ஊர் திரும்பியபின் நானும் எஸ்தரும் புதுக்கடையில் பேருந்து மாறித் தேங்காப்பட்டணம் போனோம். அவனுடைய உம்மா அழவில்லை. கைப்பேசியை நீட்டினார். அட்டையின் படம். கீழே ஒற்றைக் குறி.

"அப்பமே விட்டேன் ஸாறே. இன்னும் அங்க போய்ச் சேரல்ல."

பிறகு அலமாரியைத் திறந்தார். ஆதாரை என் கையில் வைத்தார்.

"நீங்க பாக்கணும்னு சொன்னான். பாருங்க."

பார்த்தேன். பெயர். பிறந்த நாள். ஊர். மீசை அரும்பாத முகம். எல்லாம் சரியாக இருந்தன. பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பேனா இல்லை. துறைமுக மேசையில் விட்டு வந்திருக்கிறேன்.

இழந்தவை. வேன் ஒன்று. கடவுச்சீட்டுகள் மூன்று. எஸ்தரின் வலக்காது. பச்சை மைப் பேனா ஒன்று. ஷாஹுல், இருபத்து நான்கு வயது.

மிஞ்சியவை. ஆட்கள் இருவர். அட்டைகள் ஆறு.